கீழவீட்டு எலிவேஷன்

துஷ்டி வீட்டில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே, அழுகையையும் நிறுத்தாமல், "இந்த டைல்ஸ் எங்கன எடுத்தது?" என்று கேட்கக்கூடிய ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் எதிர்வீட்டு மைனி. அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

குளத்தூரில் அவளுடைய தூரத்து உறவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வந்தாள். நிஜமான துக்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த வீட்டுக்கு அப்போதுதான் புதிதாக முன்பக்கம் எடுத்துக் கட்டியிருந்தார்கள். ரோஸ் நிற டைல்ஸ், தூணைச் சுற்றிச் சிமெண்டில் திராட்சைக் குலை. மைனி "என்னப் பெத்த மாமா" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடிச் செத்தவரின் மகளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக மைனியின் கண் மட்டும் வெளியே தூணில் இருந்தது. கேட்டேவிட்டாள். அந்தப் பெண்ணும் விக்கிக்கொண்டே, "தூத்துக்குடியில, மைனி. அப்பாதான் பாத்துப் பாத்து எடுத்தாவ" என்றாள். உடனே இரண்டு பேருக்கும் அழுகை முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். என் தோள் குலுங்கியதைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு பாசம் என்று யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நான் புதியம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் பல் முளைக்கும் முன்னே தையல் மிஷினை மிதிப்பார்கள் என்று கேலி பேசுவது உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதன் ஓரம் மிஷினைப் போட்டேன். தலையை நிமிர்த்தினால் எதிர்வீடு. என் வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் முகத்துக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்த்தது அந்த வீட்டின் முகத்தைத்தான். சில வருடங்களில் அந்த வீடுதான் முந்திக்கொண்டது.

அது மைனியின் மாமனார் கட்டிய காரை வீடு. நீளமான ஒரே வீடு, நடுவில் பித்தளைக் குமிழ் வைத்த பெரிய தலைவாசல், இரண்டு பக்கமும் ஜன்னல்கள். மாமனாருக்கு இரண்டு மகன்கள். ஒரே வீட்டில் அக்காளையும் தங்கச்சியையும் பார்த்து, அக்காளை மூத்தவருக்கும் தங்கச்சியை இளையவருக்கும் கட்டி வைத்தார். மருமகள்களுக்குள் சண்டை வராது என்று கணக்குப் போட்டிருப்பார், பாவம். அவர் போன பிறகு வீட்டைப் பாகம் பிரித்தார்கள். நடுவில் சுவர் எழுப்பினால் கிழக்குப் பாதி கீழவீடு, மேற்குப் பாதி மேலவீடு. எல்லாம் சரி, தலைவாசலை எப்படிப் பாதியாக்குவது? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். தலைவாசல் தங்கச்சி பக்கம் போய்விட்டது. அக்காளான மைனி தன் பாதிக்கு ஒரு ஜன்னலை உடைத்து வாசல் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு, நான் அந்தத் தெருவுக்கு வந்தபோதும் நின்றே கிடந்தது.

"சீட்டுல விழுந்தது விழுந்துட்டு, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்று மைனி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். "ஆனா, கூடப் பொறந்தவ ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? அக்கா நீ எடுத்துக்கோன்னு சொல்ல வேண்டாம். அக்கா நீயும் இப்படியே வந்து போன்னாவது சொல்லலாம்லா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தா? திருடன் நுழையுத மாதிரி என்ன ஜன்னல் வழியா நுழைய வச்சிட்டாளே!"

பெண்கள் இரண்டு பேரும் இப்படி என்றால், அண்ணன் தம்பி இரண்டு பேரும் வத்தல் கமிஷன் கடையில் ஒரே மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிடுவார்கள். சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டே சேர்ந்து நடந்து வருவார்கள். தெருமுனை வந்ததும் பேச்சை நிறுத்தி, இரண்டு பேரும் ஒரு தடவை இருமிவிட்டு, முன்பின் தெரியாதவர்களைப் போல ஆளுக்கொரு வாசலில் நுழைந்துகொள்வார்கள். எனக்குத் தைத்துக்கொண்டிருந்த நூல் அறுந்துபோகும், அப்படிச் சிரிப்பு வரும்.

ஜன்னலை உடைத்து வைத்த அந்த வாசலிலிருந்துதான் மைனியின் பைத்தியம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். முதலில் அதற்கு ஒரு மயில் போட்ட கிரில் கேட் வந்தது. பிறகு மேலே சிமெண்டில் ஒரு சூரியன். அந்தக் காலத்தில் ஊரில் புதுப்பணம் கண்டவர்கள் எல்லாரும் பழைய வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எலிவேஷன் என்று பேர். மைனிக்கு அந்த வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, வாயில் வைத்த கடலை மிட்டாய் மாதிரி அதைப் போட்டுக் கடித்துக்கொண்டே இருந்தாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணைப் பார்க்க மாட்டாள், மண்டபத்து எலிவேஷனைப் பார்ப்பாள். "வீட்டுக்குள்ள நாம கூழக் குடிப்போம், பாயக் கிழிச்சுப் போட்டுப் படுப்போம். வெளிய நின்னு பாக்கவிய என்ன பாவம் செஞ்சாவ?" என்பாள்.

ஒரு தடவை தூத்துக்குடிக்குப் போகிற வழியில், எப்போதும்வென்றான் என்கிற ஊரில் பஸ் நின்றபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஏதோ அவசரம் என்று நானும் பதறி இறங்கினேன். பஸ் போய்விட்டது. பார்த்தால், ரோட்டோரத்தில் ஒரு வீட்டுக்கு வளைவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நேரே போய்த் தூணை முழம் போட ஆரம்பித்துவிட்டாள். உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு ஒருவர் வந்தார்.

"யாரு தாயி நீங்க?"

"நீங்க உங்க சோலியப் பாருங்க அண்ணாச்சி. இந்தா இப்ப முடிஞ்சிரும்."

பஞ்சாயத்திலிருந்து வரி போட வந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். அவசர அவசரமாக மோர் வந்தது. மைனி மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "வளைவு கொஞ்சம் தூக்கலா வந்திருக்கலாம்" என்று முகத்தைச் சுளித்தாள். அந்த மனுஷன் "இடிச்சிரணுமா தாயி?" என்று கேட்டாரே பார்க்கணும், நான் ரோட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இவ்வளவும் யாருக்காக என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு வீட்டு வாசலையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய ஜன்னல் என்னுடையது என்பதால் எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. தினமும் சாயங்காலம் மைனி என் வாசலில் வந்து நிற்பாள்.

"மேலவீட்டுக்காரி பாத்தாளாட்டி?"

மேலவீட்டுக்காரி பார்க்க மாட்டாள். சின்ன மைனி என்று நான் கூப்பிடுகிற அந்தத் தங்கச்சி அக்காளுக்கு நேர் எதிர். அதிகம் பேசமாட்டாள். தலைவாசலை விட்டு இறங்கினால் தலையில் குடம் இல்லாதபோதும் குடம் இருக்கிற மாதிரியே கழுத்தைத் திருப்பாமல் நேரே நடப்பாள். ஒரே வீட்டின் அடுத்த பாதியில் இருப்பவளுக்கு உள்ளே இருந்துகொண்டு அக்காள் வாசல் தெரியவும் செய்யாது. தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. திரும்பினால்தானே?

"இல்ல மைனி" என்பேன் நான். நான் அப்படிச் சொல்லச் சொல்ல, அந்த முகப்பில் ஏதாவது ஒன்று புதிதாக முளைத்தது. கடைசியில் இந்தச் சில்லறை வேலையெல்லாம் ஆகாது, தூண் போட்டு, வளைவு வைத்து, முழு எலிவேஷனாகவே தூக்கிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

கொத்தனார் வந்து வாசலில் கோடு போட்டார். அங்கேதான் வந்தது வினை. கரிசல் மண் சும்மா கிடக்காது. கோடையில் காய்ந்து சுருங்கி வெடித்து வாய் பிளக்கும். மழை பெய்தால் ஊறிப் பொங்கும். மேலே என்ன கட்டினாலும் சேர்த்து ஆட்டிப் பார்க்கும். அதனால் அடியில் அசையாத சுக்கான்கல் பாறை தட்டுப்படுகிறவரை தோண்டித்தான் அஸ்திவாரம் போடவேண்டும். எங்கள் பக்கத்தில் இது பால்காரருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். மைனிக்கும் நன்றாகவே தெரியும். அவளுடைய மாமனார் அப்படித் தோண்டித்தான் அந்த வீட்டைக் கட்டியிருந்தார்.

"சுக்கான் தட்டுத வரைக்கும் போயிருவோமா அக்கா?" என்று கொத்தனார் கேட்டார்.

"அவ்வளவு துட்டையும் மண்ணுக்குள்ள பொதச்சிட்டு மேல என்னத்த வைக்க? மண்ணுக்குள்ள இருக்கத எவ வந்து பாக்கப் போறா? முட்டளவு தோண்டும், போதும்."

கொத்தனார் மேலவீட்டைப் பார்த்தார், என் ஜன்னலைப் பார்த்தார். பிறகு முட்டளவுக்குத் தோண்டினார்.

கோவில்பட்டியில் அப்போது குழாயில் தண்ணீர் வருவதே ஒரு விசேஷம். வருகிற அன்றைக்குத் தெருவே ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கும். பூச்சு காயாமல் நனைக்க வேண்டுமே, மைனி வீட்டுத் தண்ணீர் பூராவும் தூணுக்குப் போனது. தூணைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி செம்பு செம்பாக ஊற்றுவாள். மைனி வீட்டுக்கார அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்க் குளித்தார். "எனக்கும் ஒரு சாக்கைக் கட்டி அந்தத் தூணு பக்கத்துல நிப்பாட்டிரு" என்று அவர் சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மைனி என் வீட்டிலும் தண்ணீர் கடன் வாங்கினாள். இரண்டு நாள் நான் ரசமே வைக்கவில்லை.

எலிவேஷன் எழுந்தது. இரண்டு தூண், தூணுக்கு உச்சியில் தாமரை, நடுவில் வளைவு. அதற்கு மேலே ஒரு பால்கனி. அந்தப் பால்கனிக்குப் போவதற்கு வழி கிடையாது, கதவும் கிடையாது, பார்வைக்கு மட்டும். சுவர் முழுக்க நீலநிற டைல்ஸ். கடையில் அதைக் குளியலறைக்கு என்றுதான் வைத்திருந்தார்களாம், மீன் படம் போட்டது. "மீனு நீந்துத மாதிரியே இருக்கு பாரு" என்று மைனி பூரித்துப் போனாள். பாதி வீடு நீலமாக மினுங்க, பக்கத்துப் பாதி வெளுத்த சுண்ணாம்போடு நின்றது. நான் தையல்காரி, எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கை வெல்வெட்டிலும் ஒரு கை பழைய வேட்டியிலுமாகத் தைத்த சட்டைதான் ஞாபகம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், காலை வெயில் அதில் விழுந்தால் என் வீட்டுக் கூரையில் நீலமாக அலை அடிக்கும். அந்த நேரத்தில் வேலையே ஓடாது, மனசு ஏதோ திருவிழாவுக்குப் போவது மாதிரி துள்ளும்.

தெரு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தாள். மேலவீட்டுக்கு என்னிடம் கொடுத்து அனுப்பினாள். சின்ன மைனி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். "நல்லாருக்குன்னு சொல்லு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் படி இறங்குவதற்குள் பின்னாலேயே குரல் வந்தது: "மிட்டாயச் சொன்னேன்."

அடுத்த கோடையில் வீட்டுக்கும் எலிவேஷனுக்கும் நடுவே ஒரு மயிர்க்கோடு விழுந்தது. சித்திரையில் அதற்குள் என் ஊசி போனது. வைகாசியில் கத்தரிக்கோல் போனது. பழைய வீடு சுக்கானில் காலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்க, புதுமுகம் மட்டும் தெருவைப் பார்த்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மைனி கோட்டின்மேல் காலண்டர் மாட்டினாள், பிறகு மணிபிளாண்ட் கொடியைப் படரவிட்டாள். பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன மைனி, உங்க வீடு எங்க கெளம்பிட்டு?" என்று கேட்டார்.

"கோடைக்குக் காத்தாடப் போகுது. மழைக்குத் தானா வந்துரும்" என்றாள் மைனி, கொஞ்சமும் அசராமல்.

சொன்னபடியே ஐப்பசி மழையில் மண் பொங்கி, இடைவெளி மூடிக்கொண்டது. "பாத்தியாட்டி, வந்துட்டு!" என்று ஓடிவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அடுத்த கோடையில் அந்த இடைவெளியில் ஒரு பூனை குட்டி போட்டது. அதையும் அவள் சிலாகித்துத்தான் பேசினாள். எலிவேஷனுக்குள் பிறந்த குட்டிகளாம்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மண் ஊறிச் சேறாகிவிட்டது. மைனி வழக்கம்போல வளைவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் சாயங்காலம் அப்படி உட்காருவாள்; எலிவேஷனுக்கு ஆள் உட்கார்ந்தால்தான் எடுப்பு என்பது அவள் கட்சி. ஜாக்கெட் வாங்குவதற்காகச் சின்ன மைனி குடை பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் பக்கமாக நின்றாள்.

"அந்த எடத்தூணு நேத்து இப்படி இல்லையே" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இடப்பக்கத் தூண் சாணளவு இறங்கி, வளைவு கோணிக்கொண்டு, பால்கனி முன்னால் தொங்குவது போல நின்றது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பதற்றத்திலும் என் வாயில் முதலில் வந்தது வேறு.

"நேத்துப் பாத்தீங்களா சின்ன மைனி?"

"தெனமுந்தான் பாக்கேன். நீ அடுப்படிக்குப் போற நேரமாப் பாத்துப் பாக்கேன். நீதான் எல்லாத்தையும் போய் ஒப்பிச்சிருவியே!" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். "அந்தக் கிறுக்கி எந்திரிச்சுப் போகாம அடியில போய் உக்காந்திருக்காளே."

குடையை என் வீட்டிலேயே போட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினாள். தெருவில் நின்றுகொண்டு, இத்தனை வருடமாகப் பூட்டி வைத்திருந்த தொண்டையைத் திறந்து கத்தினாள்.

"ஏ அக்கா! எந்திரிச்சு வெளிய வா!"

மைனி திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே அதை அடக்கிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "யாரோ கூப்பிடுதாவ போலிருக்கே" என்றாள் என்னைப் பார்த்து.

"நாந்தான் கூப்பிடுதேன். மேல பாரு, விழப்போகுது!"

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கிட்ட வந்து கூப்பிடச் சொல்லு."

சின்ன மைனி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, மயில் கேட்டை ஒரு தள்ளுத் தள்ளி, கோணிக் கிடந்த வளைவுக்கு அடியில் போய் அக்காளின் கையைப் பிடித்து இழுத்தாள். மைனி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"எது?"

"எலிவேஷன்."

"உயிர் போற நேரத்துல கேக்க கேள்வியாக்கா இது?"

"சொல்லு. எந்திரிக்கேன்."

சின்ன மைனி தலையைத் தூக்கி வளைவைப் பார்த்தாள், தாமரையைப் பார்த்தாள், சுற்றிலும் மீன்களைப் பார்த்தாள். நான் என் வாசலில் நின்று கடவுளே நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"கண்றாவியா இருக்கு" என்றாள். "குளிக்கப் போற எடத்துல வந்து நிக்க மாதிரி இருக்கு."

மைனிக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலி ஆட, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே எழுந்தாள். தங்கச்சியும் சிரித்துக்கொண்டே அவளைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். இரண்டு பேரும் மழையில் கையைக் கோர்த்தபடி நின்று, அது விழப்போவதைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எதற்கு வாயைத் திறப்பது என்றே தெரியவில்லை.

அது விழவில்லை. தெருவே குடையோடு வந்து கூடி நின்றது. கடையிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே குடையில் வந்தார்கள். தெருமுனையில் இரும மறந்துபோனார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது விழும், இந்தா விழும் என்று பார்த்தால், அது கோணிய வாயோடு எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. "நின்னு நின்னு நமக்குத்தான் சளி பிடிக்கப் போகுது, விழுந்து தொலையுதா பாரு" என்று சின்ன மைனி சொல்ல, மறுபடி ஆரம்பித்தது சிரிப்பு. கொத்தனார் வந்து சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்துவிட்டு, இதற்கு அடியில் இனி ஒருத்தரும் போகக்கூடாது, மழை விட்டதும் இடித்துவிடலாம் என்றார்.

"அப்ப நாங்க வீட்டுக்குள்ள எப்படிப் போறது?" என்று அண்ணாச்சி கேட்டார். கீழவீட்டுக்குத் தெருப்பக்கம் வேறு வாசல் இல்லை. மேலவீட்டு வழியாகப் பின்கட்டுக்குப் போய், அங்கிருந்து கீழவீட்டுப் புறவாசலில் ஏற வேண்டும். தம்பி தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் போய், எப்போதும் ஒற்றைக் கதவு மட்டும் திறந்திருக்கிற அந்தத் தலைவாசலின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மைனி காலில் ஒட்டியிருந்த சேற்றைப் படியோரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மழை விட்டது. கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். வெள்ளிக்கிழமை இடிக்கக்கூடாது என்றாள் மைனி. அடுத்த வாரம் வந்தார். அன்றைக்கு அஷ்டமி. பிறகு, கார்த்திகை தீபம் முடியட்டும் என்றாள். ஒரு நாள் பொறுக்காமல் ஒவ்வொன்றாகக் கட்டிச் சேர்த்த பொம்பளை, இடிப்பதற்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மார்கழியும் பிறந்துவிட்டது. காலையில் தலைவாசல் வழியே வெளியே வருவாள், சாமான் வாங்கிக்கொண்டு தலைவாசல் வழியே உள்ளே போவாள். உள்ளே போனால் புறவாசலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? சமயத்தில் விளக்கு வைக்கிற நேரம்வரை ஆகும்.

கொத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் காலையில் தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"எக்கா, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க. என் கம்பு பூராம் இங்கன கிடக்கு. இடிக்கவா, வேண்டாமா?"

மைனி தலைவாசல் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி சொன்னாள்: "இப்ப என்ன அவசரம்? அக்கா இப்படியே வந்து போயிட்டு இருக்கட்டும்."

கொத்தனார் மைனியைப் பார்த்தார். மைனி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதான் சொல்லிட்டாள்லா" என்றாள்.